லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கு

லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கு என்பது அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் தென்பகுதியில், மொஹாவி பாலைவனத்தில் அமைந்துள்ள பள்ளத்தாக்கு ஆகும். சூதாட்ட விடுதிகளால் உலகப் புகழ் பெற்ற லாஸ் வேகஸ் நகரம் இங்குதான் உள்ளது. ஸ்பானிய மொழியில் 'லாஸ் வேகஸ்' என்றால் 'புல்வெளிகள்' என்று பொருள். பாலைவனத்திற்கு இப்பெயர் வரக் காரணம் இங்கிருந்த நீரூற்றுகளே.

புவியியல்

சியரா நெவாடா மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், இங்கு ஆண்டு மழையளவு சுமார் 100 மில்லிமீட்டர் மட்டுமே. மேற்கே ஸ்பிரிங் மலைகள் உள்ளன. இவற்றின் உயர்ந்த சிகரமான சார்ல்ஸ்டன் 3,600 மீட்டருக்கும் மேற்பட்டது. அங்கு பெய்யும் பனி உருகிச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடிக்குச் செல்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் களிமண் படுகைகள் மூடிபோல் அமைந்திருப்பதால் அந்நீர் அழுத்தத்துடன் தேங்குகிறது. நிலப்பிளவு உள்ள இடங்களில் அது தானாகவே மேலே பொங்கியது. ஊற்று நீர் ஓடையாகப் பாய்ந்து புல்வெளிகளை வளர்த்தது.

வரலாறு

தெற்குப் பையூட் பழங்குடியினர் இங்கு நெடுங்காலம் வாழ்ந்தனர். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரத்தின் காய்களை மாவாக்கி உண்டனர். 1829-இல் ஸ்பானிய வணிகப் பாதையில் சென்றோர் இவ்வூற்றுகளை அடைந்தனர். 1844-இல் ஜான் ஃபிரெமான்ட் இங்கு தங்கி எழுதிய குறிப்பு, இடத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. 1855-இல் மார்மன் சமயத்தினர் ஓடைக்கரையில் மண்கோட்டை கட்டினர், ஈராண்டில் வெளியேறினர். பின்னர் அது பண்ணை நிலமாயிற்று. நீராவி எஞ்சினுக்கு நீர் தேவைப்பட்ட இரயில் நிறுவனம் 1902-இல் அந்நிலத்தையும் நீரையும் வாங்கியது. 1905 மே மாதம் மனைகள் ஏலம் விடப்பட்டு நகரம் பிறந்தது.

ஊற்றுகள் வற்றியது எப்படி?

1907 முதல் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டப்பட்டன. நீர் தானே பொங்கியதால் பல கிணறுகள் மூடப்படாமல் வீணாக ஓடின. பின்னர் மோட்டார் இறைப்பும் மக்கள்தொகையும் பெருகின. மலையிலிருந்து ஊறிவரும் அளவைவிட எடுக்கும் அளவு மிகுந்ததால் நிலத்தடி அழுத்தம் குறைந்து, 1962-இல் ஊற்றுகள் நின்றன. இப்பள்ளத்தாக்கில் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு மீனினம் முற்றிலும் அழிந்தது. நீர் நீங்கிய களிமண் இறுகியதால் சில இடங்களில் நிலம் 1.5 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. இவ்வாறு இறுகிய படுகை மீண்டும் பழைய அளவுக்கு விரிவதில்லை.

இன்றைய நிலை

ஹூவர் அணையால் உருவான மீட் ஏரியிலிருந்து 1971 முதல் பெருமளவில் நீர் கொண்டுவரப்படுகிறது. இன்று பள்ளத்தாக்கின் நீரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கொலராடோ ஆற்று நீரே. ஆனால் 2000-க்குப் பின் தொடரும் வறட்சியால் அந்த ஏரியும் வெகுவாகத் தாழ்ந்துள்ளது. எனவே வீடுகளிலும் விடுதிகளிலும் பயன்பட்ட நீர் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் ஏரிக்கு விடப்படுகிறது; அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் புல்தரைகள் அகற்றப்படுகின்றன. புல்வெளியால் பெயர் பெற்ற ஊர் இன்று புல்லைக் குறைத்தே வாழ வேண்டியுள்ளது. பழைய ஊற்றுகள் இருந்த இடம் 2007 முதல் பொதுமக்கள் காணும் பாதுகாப்பிடமாக உள்ளது.