நடுக்குவாத நோயும் வயிற்றுத் தொல்லையும்

நெசவாளிக்கும் விவசாயிக்கும் உடலே முதல் மூலதனம். சங்கத்தின் பேரேட்டில் அது பதியப்படுவதில்லை. எனினும் அதில் நட்டம் நேரின் மற்றெந்த வரவும் பயன்படாது. குன்றக்குடி வட்டாரத்தில் தணிக்கைக்குச் செல்லும்போது, கைநடுக்கத்தால் தறியை விட்டு இறங்கிய முதிய அங்கத்தினர் சிலரைக் காண்கிறோம். நடுக்கத்தைவிட வயிற்று வலியும் நெஞ்செரிச்சலுமே தங்களை வாட்டுவதாக அவர்கள் முறையிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

இந்நோயை 1817-இல் விவரித்த இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், மலச்சிக்கலையும் அன்றே குறித்துள்ளார். மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைவதால் நடுக்கமும் இறுக்கமும் தோன்றுகின்றன. குடலை இயக்கும் நரம்புகளையும் இந்நோய் தாக்குகிறது. அதனால் இரைப்பை மெதுவாகவே காலியாகிறது. புளிப்பு மேலெழுந்து நெஞ்சை எரிக்கிறது. மலம் கட்டி வயிறு வலிக்கிறது.

இதற்குரிய முக்கிய மருந்து லெவோடோபா. அது சிறுகுடலை அடைந்தால்தான் இரத்தத்தில் கலக்கும். இரைப்பையில் தங்கிவிட்டால் உரிய வேளையில் பயன் தராது. பருப்பு, மீன், பால் முதலியவற்றின் புரதமும் அதற்குப் போட்டியாக நிற்கும். ஆகவே, மாத்திரைக்கும் உணவுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டுமென மருத்துவரிடம் கேட்டறிதல் அவசியம்.

நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இப்பொருள் உண்டு. சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் 1937-இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினர். இதை நம்பி, மாத்திரையுடன் அப்பொடியையும் தாமாகவே உண்பது தகாது. மருந்தின் அளவு மிகுந்து குமட்டலும், கட்டுக்கடங்காத உடலசைவும் நேரலாம்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வாந்திக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரை நடுக்கத்தை மிகுவிக்கும். வயிறு எரிகிறதென்று நோய்க்குரிய மருந்தைத் திடீரென நிறுத்துவதோ அதனினும் ஆபத்து.

சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணுதல், உண்டவுடன் படுக்காதிருத்தல், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துதல், கீரையும் பழமும் போதிய நீரும் கொள்ளுதல், இயன்றவரை நடத்தல் ஆகியவை நலம் தரும். மலம் கறுத்தாலோ, உணவு விழுங்க இயலாவிடினோ, உடல் மெலிந்தாலோ, நெஞ்சுவலி புதிதாகத் தோன்றினாலோ உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

தறியை விட்டவர் சங்கத்தை விட்டவர் அல்லர். மருந்து வேளையை நினைவூட்டுவதும், மருத்துவமனைக்குத் துணை செல்வதும் அண்டை வீட்டு அங்கத்தினரால் இயலும். ஒருவர் சுமையைப் பலர் தாங்குவதே கூட்டுறவு அன்றோ!