காத்தான் சத்திரத்துச் சோறு

மாலையில் வருவதாகச் சொன்ன சரக்கு லாரி மறுநாள் காலையில் வந்து நிற்கும்போது, நம்மில் பலருக்கும் பள்ளியில் படித்த நாகப்பட்டினத்துப் பாட்டு நினைவுக்கு வரும். அந்த நையாண்டிப் பாட்டின் பூர்வீகத்தைச் சற்றே பார்ப்போம்.

பாடியவர் காளமேகப் புலவர். 15-ஆம் நூற்றாண்டினர். திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்பது வழிவழிச் செய்தி. சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம் என்று நம் கடைச் சரக்கையே வைத்து, முருகப் பெருமானைச் செட்டியாராக்கிப் பாடியதும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

கதை இதுதான். நாகையில் காத்தான் என்பவர் நடத்திய சத்திரத்துக்குப் புலவர் பசியோடு போனார். சோறு வரவே இல்லை. பொழுது அஸ்தமிக்கும்போது அரிசி வருகிறது. குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது என்று பாடிவிட்டார்.

காத்தான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாராம். புலவர் ஓர் எழுத்தையும் மாற்றாமல் பொருளை மாற்றினார். நாடெங்கும் பஞ்சத்தால் அரிசி அஸ்தமித்த வேளையிலும் இங்கே அரிசி வரும். உலையிலிட்டால் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் அன்னம் வெள்ளி உதித்தாற்போல் வெளுத்திருக்கும்! வசை வாழ்த்தாயிற்று.

எந்த நூலிலும் சேராமல், ஏட்டிலும் நாவிலும் உலவிய இத்தகைய பாடல்களை 19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் 'தனிப்பாடற்றிரட்டு' எனத் தொகுத்தார். அந்த நூற்றாண்டிலேயே வீராசாமி செட்டியாரின் 'விநோதரச மஞ்சரி' காளமேகத்தின் கதைகளை உரைநடையில் பரப்பிற்று.

மன்னிப்புக் கதை பாட்டுக்குப் பின்னால் முளைத்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டு பொருளும் பாட்டின் சொற்களிலேயே இருக்கின்றன. சிலேடையில் வல்ல புலவர் அறியாமல் வைத்திருப்பார் என்று நாம் நம்பவில்லை.

வணிகப் பெருமக்களே, காத்தான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டாரோ, அதற்குக் கணக்கேடு இல்லை. தாமதமான அந்த ஒரு வேளைச் சோறு மட்டும் 500 ஆண்டுகளாக ஊர் வாயில் நிற்கிறது. அவர் பெயரைக் காப்பாற்றியதும், கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரிடம் அவரே போய்ப் பேசிய பணிவான சொல்தான். நம் கடைக்கு வரும் காளமேகங்கள் எல்லோரும் மறுபொருள் சொல்லத் தெரிந்தவர்கள் அல்லர். சொன்ன நேரத்தில் சரக்கைக் கொடுத்துவிடுவோம். முடியாதபோது, அவர் முகம் சுளிக்கும் முன்பே நாமே முந்திச் சொல்லிவிடுவோம்.