விலை திரும்பியது, வேலை திரும்பவில்லை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்த பட்ஜெட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. கச்சா எண்ணெயின் ஆண்டு சராசரி விலை பேரலுக்கு ஒரு டாலர் குறைந்தால், மாகாண கஜானாவுக்கு வரவேண்டிய பணத்தில் 75 கோடி கனடிய டாலர் குறையும். ஒரு பேரல் 68 அமெரிக்க டாலருக்கு விற்கும் என்று வைத்துப் போட்ட பட்ஜெட் அது. அப்படியும் 520 கோடி கனடிய டாலர் துண்டு விழுந்தது. பட்ஜெட் வாசித்து ஆறு வாரம் ஆவதற்குள் விலை 60 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது.

கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நமக்கு விலைச் சரிவு நிம்மதி தரும் செய்தி. ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாழும் ஆல்பர்ட்டாவிலோ அதே செய்தி ஆசிரியர் பணியிடங்களையும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளையும் சாலை வேலைகளையும் உலுக்கிவிடும். அந்த மாகாணத்தில் விற்பனை வரி கிடையாது. கனடாவில் மாகாண விற்பனை வரியே இல்லாத மாகாணம் அது ஒன்றுதான். வரியில் வரவேண்டிய பணத்தின் இடத்தை இத்தனை காலமும் எண்ணெய் நிரப்பி வந்திருக்கிறது.

கோதுமையும் மாடும் வளர்த்துப் பிழைத்த பூமி அது. இம்பீரியல் ஆயில் நிறுவனம் 133 கிணறுகள் தோண்டிக் கைக்கு எதுவும் சிக்காமல் சோர்ந்திருந்த நேரத்தில், 1947 பிப்ரவரி 13 அன்று எட்மன்டன் நகருக்குத் தெற்கே லெட்யூக்கில் எண்ணெய் பீறிட்டது. அங்கிருந்து எல்லாம் மாறியது. 1967-ல் வடக்கே ஃபோர்ட் மெக்மர்ரி பக்கம் எண்ணெய் மணலைத் தோண்டும் முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. அங்கே மண்ணோடு பிசைந்து கிடப்பது தார் போன்ற கெட்டிக் குழம்பு. மேலாகக் கிடப்பதை ராட்சத இயந்திரங்களால் வாரியெடுத்து வெந்நீரில் அலசிப் பிரிக்கிறார்கள். ஆழத்தில் இருப்பதை, நிலத்துக்குள் நீராவியைச் செலுத்தி இளக்கி மேலே இறைக்கிறார்கள்.

விலை சரிந்தால் இந்தச் சுரங்கங்கள் மூடப்படும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். நடப்பது வேறு. பல நூறு கோடி டாலர் கொட்டிக் கட்டிமுடித்த ஆலையை நிறுத்தினாலும் நஷ்டம். மாதக்கணக்கில் சூடேற்றிய நிலத்தடிப் படுகையை ஆறவிட்டால் மறுபடி சூடேற்ற வேண்டும். ஆகவே எண்ணெய் வந்துகொண்டேதான் இருக்கும். நின்றுபோவது புதிய முதலீடு. எண்ணெய் மணல் தொழிலில் 2014-ல் சுமார் 3,400 கோடி கனடிய டாலராக இருந்த முதலீடு, மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ரிக்கில் துளையிடும் தொழிலாளர்கள். அடுத்து வெல்டர்கள், சாரம் கட்டுபவர்கள், அவர்களுக்குச் சோறு போட்ட முகாம் சமையல்காரர்கள். பிறகு கல்கரி நகரின் கண்ணாடிக் கோபுரங்களில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பொறியாளர்கள்.

2014 ஜூனில் கச்சா எண்ணெய் விலை 100 டாலரைத் தாண்டி நின்றது. அமெரிக்காவின் ஷேல் எண்ணெய் சந்தையில் குவிந்தது. உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் ஒபெக் நாடுகள் முடிவெடுத்தன. 2016 பிப்ரவரியில் ஒரு பேரல் 26 டாலருக்குப் போயிற்று. மாகாணத்தில் வேலையில்லாதோர் விகிதம் 2016 நவம்பரில் 9 சதவிகிதம். கல்கரி நகர மையத்தில் அலுவலக இடத்தில் கால்வாசி ஆளில்லாமல் கிடந்தது. இவ்வளவும் போதாதென்று 2016 மே மாதம் ஃபோர்ட் மெக்மர்ரியைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் எரிந்தன. செழிப்பான நாட்களில் அந்த ஊரின் பெயரையே பணத்தோடு சேர்த்து 'ஃபோர்ட் மக்மனி' என்று அழைத்தவர்கள் உண்டு. விலைச் சரிவையும் தீயையும் ஒரே ஈராண்டுக்குள் தாங்கிய அந்த மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அடி ஆல்பர்ட்டாவோடு நிற்கவில்லை. நாட்டின் கிழக்குக் கோடியில், மீன்வளம் வற்றிப்போன நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பல ஆயிரம் பேர் விமானம் ஏறி வந்து, சில வாரம் முகாமில் தங்கி உழைத்து, சில வாரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வளைகுடாச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கி வீடு எழுப்பிய குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீடுகளின் கலக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அரசின் வருமானம் விலையைவிட வேகமாக விழுவதற்கு ராயல்டி முறையே காரணம். போட்ட முதலை மீட்டுவிட்ட எண்ணெய் மணல் திட்டங்கள், செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 25 முதல் 40 சதவிகிதம் வரை அரசுக்குத் தர வேண்டும். விலை ஏறினால் விகிதமும் ஏறும்; இறங்கினால் விகிதமும் இறங்கும். எண்ணெய் மலிந்தால் மிஞ்சுவதும் குறைகிறது, அதில் அரசின் பங்கும் குறைகிறது. 2014-15 நிதியாண்டில் சுமார் 890 கோடி டாலராக இருந்த இயற்கை வள வருமானம், மறு ஆண்டே 280 கோடியாகச் சுருங்கியது இப்படித்தான்.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஆல்பர்ட்டாவின் கனத்த எண்ணெய்க்கு உலகச் சந்தையின் முழு விலை கிடைப்பதில்லை. அதைச் சுத்திகரிக்கக் கூடுதல் செலவு. கடலில்லாத மாகாணம் என்பதால் வாங்க வந்தது பெரும்பாலும் அமெரிக்கா மட்டும். கொண்டுபோகக் குழாய்ப்பாதையும் போதவில்லை. 2018 நவம்பரில் அமெரிக்க எண்ணெய்க்கும் ஆல்பர்ட்டா எண்ணெய்க்கும் இடையிலான வித்தியாசம் 40 டாலரைத் தாண்டியது. நாளொன்றுக்கு 3,25,000 பேரல் உற்பத்தியைக் குறைக்கும்படி முதல்வர் ரேச்சல் நாட்லியின் அரசு உத்தரவு போடவேண்டி வந்தது. பசிபிக் கரைக்குச் செல்லும் டிரான்ஸ் மவுண்டன் குழாய்ப்பாதையின் விரிவாக்கம் 2024 மே மாதம் திறக்கப்பட்ட பிறகுதான் இந்த நெருக்கடி தணிந்தது.

நிரம்பும் காலத்தில் எடுத்துவைக்க வேண்டும் என்பது அந்த மாகாணத்துக்குத் தெரியாத விஷயமல்ல. 1976-ல் முதல்வர் பீட்டர் லோகீட், வள வருமானத்தில் 30 சதவிகிதத்தைச் சேமிக்க ஹெரிட்டேஜ் நிதியைத் தொடங்கினார். எண்பதுகளின் நெருக்கடியில் அது 15 சதவிகிதமாயிற்று, 1987-ல் நின்றேபோனது. ஹெரிட்டேஜ் நிதி தொடங்கி இருபது ஆண்டு கழித்து, 1996-ல் முதல் தவணையைப் போட்ட நார்வேயின் எண்ணெய் நிதி இன்று உலகிலேயே பெரிய அரசு முதலீட்டு நிதி. நார்வே தனி நாடு, ஆல்பர்ட்டா கூட்டாட்சிக்குள் ஒரு மாகாணம்; ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மறுபடி விளையாத வளத்தை விற்ற காசை மாதச் சம்பளம்போலச் செலவழித்தது விதைநெல்லைக் குத்திப் பொங்கிய காரியம்தான். புதிதாக விற்பனை வரி போட வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 1995-ல் ஒரு சட்டமும் போட்டுவைத்தார்கள். அதைத் தொட எந்தக் கட்சியும் துணிவதில்லை.

விலை மறுபடி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1986-ல் விழுந்தது, எழுந்தது; 2008-ல் விழுந்தது, எழுந்தது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி விலை மறுபடி 100 டாலரைத் தாண்டியது. கஜானா நிரம்பியது: 2022-23-ல் வள வருமானம் 2,520 கோடி, பட்ஜெட்டில் உபரி 1,160 கோடி. ஆனால் பழையபடி கிரேன்கள் எழவில்லை. நிறுவனங்கள் கடனை அடைத்தன, பங்குதாரர்களுக்கு வாரி வழங்கின. 2014-ல் நாளொன்றுக்குச் சுமார் 23 லட்சம் பேரலாக இருந்த எண்ணெய் மணல் உற்பத்தி, 30 லட்சத்தைக் கடந்துவிட்டது. அந்த மணலைச் சுமக்கும் ராட்சத லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லை.

விலைச் சரிவைப் பற்றிய பேச்சில் கஜானாவின் துண்டே பெரிதாகத் தெரிகிறது. எனக்கு வேலை திரும்பாததுதான் பெரிதாகப் படுகிறது. விலை விழும்போது வேலை போகிறது. எழும்போது கஜானாவுக்கும் பங்குதாரருக்கும் மட்டும் வெள்ளம் வருகிறது. ரிக்கில் ஏறக் கற்றுக்கொண்டு பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட இளைஞனுக்கு அடுத்த ஏற்றத்தில் அழைப்பு வரும் என்று சொல்ல முடியவில்லை.

லெட்யூக்கில் எண்ணெய் கண்ட அதே இம்பீரியல் ஆயில், 2027 இறுதிக்குள் தன் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரைக் குறைக்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தது. கல்கரியில் எஞ்சும் வேலைகளில் பெரும்பகுதி எட்மன்டன் ஆலைக்கு மாறுகிறது. அந்த அறிவிப்பு வந்த காலாண்டில் அந்நிறுவனத்தின் எண்ணெய் உற்பத்தி முப்பது ஆண்டுகளில் காணாத அளவில் இருந்தது.