மாமியார் வீட்டில் தூக்கம் வரவில்லையா?

இந்த வாரம் நம் மன்றத்தில் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். மாமியார் வீட்டுக்குப் போனால் நமக்குப் படுக்கக் கொடுக்கும் மெத்தை! இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று பேசுவார்களா என்று கேட்பீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஜெஞ்சாரோம், பந்திங் பக்கம் பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைகள் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்கிறார்கள். இப்படி எத்தனையோ குடும்பங்கள். கிள்ளானிலிருந்து கார் எடுத்தால், நெரிசல் இல்லாத நாளில் முக்கால் மணி நேரத்திற்குள் ஜெஞ்சாரோம் வந்துவிடலாம். பக்கத்தில் இருப்பது வசதிதான். ஆனால் அதனாலேயே தங்கும் வழக்கம் குறைந்துகொண்டு வருகிறது. முன்பு தீபாவளிக்கு முதல் நாளே வந்து இரண்டு இரவு தங்கியவர்கள், இப்போது காலையில் வந்து, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கார் சாவியைத் தேடுகிறார்கள்.

"நாளைக்கு வேலை இருக்கு அத்தை", "பிள்ளைக்கு டியூஷன் இருக்கு மாமா" என்று காரணம் சொல்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் பல நேரம் இருக்கிறது. போன முறை அந்த அறையில் படுத்து எழுந்தபோது பிடித்துக்கொண்ட இடுப்பு, திரும்பவே முடியாமல் போன கழுத்து, விடிய விடிய வியர்த்துப் புரண்ட குழந்தை. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

நாம் சொல்லாததால் மாமியாருக்குத் தெரியாது. அவர் வேறு கணக்குப் போடுகிறார். "மருமகளுக்கு நம்ம வீடு பிடிக்கல போல" என்று நினைத்துக்கொள்கிறார். மகனிடம் கேட்கவும் மாட்டார். மெத்தையில் விழுந்த ஒரு குழி, இரண்டு குடும்பத்துக்கு நடுவே பள்ளமாகிவிடுகிறது. அதனால்தான் இதைப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

பாய் விரித்த காலம்

நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டத்து லயத்தில் விருந்தாளிக்கென்று தனிக் கட்டில் ஏது? உறவுக்காரர்கள் வந்தால் கூடத்தில் பாய் விரிப்பார்கள். இடம் போதாவிட்டால் ஆண்கள் அஞ்சடிக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்காரரும் பாயில்தான் படுத்தார், வந்தவரும் பாயில்தான் படுத்தார். குறை சொல்ல வழியே இல்லை.

பாய்க்கு நம் வட்டாரத்தில் பஞ்சமும் இல்லை. ஜெஞ்சாரோமுக்குப் பக்கத்திலுள்ள கேரித்தீவில் வாழும் மா மெரி பூர்வகுடிப் பெண்கள் தாழை ஓலையில் பின்னும் வேலைக்கு இன்றும் பெயர் பெற்றவர்கள். தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்த பத்தமடைப் பாயின் புகழ் நமக்குத் தெரிந்ததுதான். வெப்பமான ஊர்க்காரர்கள் பாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாய் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. காலையில் சுருட்டி வைத்துவிட்டால் கூடத்தில் இடமும் கிடைத்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நுரை மெத்தை பிறந்தது ரப்பர் பாலிலிருந்துதான். 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டன்லப் நிறுவன ஆய்வுக்கூடத்தில், ரப்பர் பாலை நுரைக்க அடித்து இறுக வைத்து, மெத்தைக்கு ஏற்ற நுரை ரப்பரைச் செய்தார்கள். அதே நிறுவனத்துக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன. உலகத்தின் மெத்தைக்குப் பால்மரம் சீவிய நம் முன்னோர் வீடு திரும்பிப் படுத்தது பாயில்.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் போய்த் தாமான் வீடுகள் வந்தன. பிள்ளைகள் கல்யாணமாகிப் போனதும் அவர்கள் படுத்த அறை விருந்தினர் அறையாக மாறியது. அந்த அறையில் இருக்கும் மெத்தை எப்போது வாங்கியது? பெரும்பாலும் மூத்த பிள்ளையின் கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்கும். ஒரு மெத்தையின் ஆயுள் ஏழு முதல் பத்து ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளை இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்!

இன்னும் சில வீடுகளில் மாமனார் மாமியார் தங்கள் கட்டிலையே நமக்குக் கொடுத்துவிட்டு, கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு இரவு நம்மை வாட்டிய அந்த மெத்தையில்தான் அவர்கள் ஆண்டு முழுவதும் படுக்கிறார்கள். இதை நாம் கவனிக்கிறோமா?

முதல் இரவின் குற்றம்

மெத்தையைக் குறை சொல்வதற்கு முன் நம் மூளையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் சரியாக வராது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். புது இடத்தில் முதல் இரவு ஆழ்ந்து தூங்கும்போதுகூட, மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஓய்வெடுக்கிறது, சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். அடுத்த முறை அதே இடத்தில் தூங்கும்போது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

ஆக, வீட்டுக்காவலாளி போல மூளையின் ஒரு பாதி காவல் காக்கிறது. ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ஓடுகிறவருக்கு எப்போதும் அந்தக் காவல் இரவு மட்டுமே கிடைக்கும். இரண்டாவது இரவும் தங்கிப் பாருங்கள். பாதிக் குறை தானாகவே தீர்ந்துபோகலாம்.

பழகிய பொருள் கூட இருந்தாலும் மனம் அமைதியாகும். நம் தலையணை, நாம் போர்த்தும் கைலி, குழந்தையின் கம்பளி ஆகியவற்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். தலையணையோடு வந்து இறங்கினால் அத்தை தப்பாக நினைப்பாரே என்று பயப்பட வேண்டாம். "இது இல்லாம எனக்குத் தூக்கமே வராது அத்தை, எங்க அம்மா வீட்டுக்கும் இதைத்தான் தூக்கிட்டுப் போவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் முடிந்தது.

கெட்டியா, குழியா?

இரண்டாவது இரவும் வலித்தால் மெத்தையைப் பாருங்கள். நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: படுக்கை எவ்வளவு கெட்டியோ, முதுகுக்கு அவ்வளவு நல்லது. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை 90 நாள் கவனித்து எழுதிய ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகமாகக் குறைந்தது. காரணம் எளிது. தோளும் இடுப்பும் சற்றே அமிழ வேண்டும், முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். பலகை போன்ற படுக்கையில் தோளும் இடுப்பும் அழுந்துகின்றன. குழி விழுந்த மெத்தையில் இடுப்பு இறங்கி முதுகு வளைகிறது.

நடுவில் குழி விழுந்திருந்தால் முதலில் மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். கட்டில் சட்டம் வளைந்திருந்தால், ஒரு பிளைவுட் பலகையை அடியில் வைத்தாலே சரியாகிவிடும். மெத்தையே குழிந்திருந்தால் தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், பாயின் மேல் இரண்டு கம்பளியை மடித்துப் போட்டுத் தரையில் படுப்பதே மேல்.

மெத்தை கெட்டியாக இருந்தால் அதன்மேல் தடித்த கம்பளியை இரண்டாக மடித்து விரியுங்கள். பக்கவாட்டில் படுப்பவர் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கு அடியில் வைக்கலாம். இடுப்பில் ஏறும் இழுவை குறையும்.

இலவம் பஞ்சுத் தலையணை நாளாக நாளாகக் கட்டி தட்டிக் கல்லாகிவிடும். அதற்குப் பதிலாகக் குளியல் துண்டை மடித்து உறைக்குள் போட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிளாஸ்டிக் உறை. என் மாமியார் வீடும் ஜெஞ்சாரோம்தான். அங்கே மெத்தை அழுக்காகக் கூடாது என்று கடையில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக்கைப் பல ஆண்டுகள் எடுக்கவே இல்லை. பல வீடுகளில் இதே கதைதான். அந்த உறை வியர்வையைப் போகவிடாது, சூட்டைக் கூட்டும், புரளும்போதெல்லாம் சத்தம் போடும். அதை எடுத்துவிட்டு, துவைக்கக்கூடிய பருத்தி உறையைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த உறையை நாமே வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஆள் படுக்காத அறையில் தூசியும் ஈரமும் சேரும். நம் நாட்டு ஈரக் காற்றில், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மெத்தையில் நன்றாகப் பெருகும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இரவில் தும்மி இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலில் போட்டால் ஈரம் காயும், ஆனால் அது மட்டும் போதாது. உறைகளையும் போர்வைகளையும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால்தான் பூச்சிகள் சாகும்.

யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

இனி சிக்கலான பகுதிக்கு வருவோம். காலையில் பசியாற உட்காரும்போது அத்தை கேட்பார்: "ஏம்மா, ராத்திரி நல்லாத் தூங்குனியா?" அந்த நேரத்தில் மெத்தையைக் குறை சொல்லாதீர்கள். அவர் அடுப்படியில் நின்று உங்களுக்காகத் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் சொல்லும் குறை, மெத்தையை விட்டுவிட்டு அவர் மேல் போய் விழும்.

சொல்ல வேண்டியவர் அந்த வீட்டுப் பிள்ளை. மருமகளின் இடுப்பு வலியை மகன் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். மருமகனின் கழுத்து வலியை மகள் தன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதையும் "அம்மா, அந்த மெத்தை பழசாயிடுச்சு, எனக்கே முதுகு பிடிக்குது" என்று தன்மேல் போட்டுச் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. மாப்பிள்ளை நேராகச் சொன்னால் மாமனாருக்கு அது அவமானம். பெற்ற பிள்ளை சொன்னால் அது வீட்டுச் செய்தி.

புது மெத்தை வாங்கிக் கொடுக்கலாமா? தாராளமாக. ஆனால் விருந்தினர் அறைக்கு மட்டும் வாங்கிப் போட்டால், "அவங்க படுக்கத்தான் அவங்க வாங்குனாங்க" என்ற பேச்சு வரும். முதலில் பெரியவர்களின் கட்டிலைப் பாருங்கள். 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிமுறைகளின்படி, தொழிலாளர் தங்குமிடத்தில் முதலாளி கொடுக்கும் மெத்தை நான்கு அங்குல கனத்துக்குக் குறையக் கூடாது. வேலைக்கு வந்தவருக்குச் சட்டம் இருக்கிறது. நம்மை வளர்த்தவர்களின் மெத்தையை நாம்தான் அழுத்திப் பார்க்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து பணம் போட்டால் தீபாவளிக்கு இதைவிட நல்ல அன்பளிப்பு கிடையாது.

மாமனார் மாமியாருக்கும் ஒரு வேண்டுகோள். விருந்தினர் அறையில் நீங்களே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். காற்றாடி காற்று கட்டிலுக்கு வருகிறதா, தெரு விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பொறுத்துக்கொள்ளக் கூடாத இடம்

மரியாதைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது. ஏழாம் மாதத்துக்கு மேல் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் தூங்குவதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தரையிலிருந்து எழுவதும் அவர்களுக்குச் சிரமம். வளைகாப்புக்கு வரும் மருமகளுக்கு நல்ல கட்டிலைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களையும் பாயில் படுக்கச் சொல்லக் கூடாது.

மெத்தையால் வந்த பிடிப்பு பெரும்பாலும் எழுந்து நடந்து, வெந்நீரில் குளித்தால் விட்டுவிடும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு மெத்தையைக் காரணம் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

நேயர்களே, பெற்றோர் வீட்டில் இரவு தங்குவது வெறும் தூக்கத்துக்காக அல்ல. விளக்கை அணைத்த பிறகுதான் அத்தை பழைய கதை சொல்வார். விடிகாலையில் தேநீர்க் கோப்பையோடு உட்காரும்போதுதான் மாமா தன் நெஞ்சு வலியைப் பற்றி முதல்முறையாக வாய் திறப்பார். பகலில் வந்து போகிறவருக்கு இவை கிடைக்காது. ஒரு பலகை, ஒரு கம்பளி, ஒரு பருத்தி உறை, பெற்ற பிள்ளை வாயால் ஒரு வார்த்தை இருந்தால் அந்த இரவை மீட்டுவிடலாம். அடுத்த பள்ளி விடுமுறைக்குத் தலையணையையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இரண்டு இரவு தங்கி வாருங்கள்.