மரமேறும் கச்சையைச் சோதிக்கும் முறை

தென்னந்தோப்புடைய அங்கத்தினர் ஏறக்குறைய நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை காய் பறிப்பது வழக்கம். நெட்டை மரங்கள் ஐம்பது அறுபது அடி வரை உயர்ந்து நிற்பவை. காலில் தளையும் கையில் பலமும் கொண்டே அவ்வுயரத்தை எட்டிய மரமேறிகள் இன்று அருகிவிட்டனர். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் உருவான ஏறு கருவி பல ஊர்களிலும் பரவியுள்ளது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் பயிற்சித் திட்டத்தின் மூலம், அதுவரை மரமேறியறியாத இளைஞர் பலர் இத்தொழிலுக்கு வந்தனர். கருவியில் ஏறுவோர் அணியும் பாதுகாப்புக் கச்சையை, அதாவது நாம் ‘சேப்டி பெல்ட்’ என்று வழங்குவதை, எவ்வாறு சோதிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கச்சை அணிந்துவிட்டால் ஆபத்தில்லை என்று எண்ணுவது தவறு. ஒருவர் இரண்டு மீட்டர் விழுந்தபின் கயிறு அவரைப் பிடிக்கிறதென்று கொள்வோம். அந்நேரம் அவர் மணிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார். அவ்வேகத்தை நொடிப்பொழுதில் நிறுத்தும்போது கச்சையின் மீது விழும் இழுப்பு, அவரது எடையைப் போலப் பன்மடங்காகும். அமைதியாகத் தொங்கும்போது தாங்குகிற பழைய பட்டை, இந்த இழுப்பில் அறுந்துபோகலாம். ஆகவே, பிடித்து இழுத்துப் பார்த்து ‘கெட்டியாக இருக்கிறது’ என்று கூறுவது சோதனையாகாது.

கச்சையின் பட்டை உண்மையில் ஒரு துணியே. நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலைப் பாவாகவும் ஊடையாகவும் கொண்டு நெருக்கமாக நெய்யப்பட்ட நாடா அது. எனவே இதைப் பார்க்க நமது நெசவாளர் அங்கத்தினரை விடத் தகுந்தவர் இல்லை. நெகமத்தைப் போல் தறியும் தென்னையும் அருகருகே உள்ள ஊர்களில் இந்த ஒத்தாசை எளிதில் கிடைக்கும். பட்டையின் பலம் முழுவதும் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் உள்ளது. அதில் சில இழைகள் அறுந்தாலும் மற்றவற்றின் மீது சுமை கூடிவிடும்.

சோதிக்கும் முறை வருமாறு. பட்டையை ஒரு சாண் இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து, நடுப்பகுதி மேலே வளைந்து வருமாறு மடக்க வேண்டும். வளைவில் நூல்கள் விரிவதால், தட்டையாக இருக்கையில் மறைந்திருக்கும் வெட்டும் அறுந்த இழையும் வெளிப்படும். இவ்வாறே முழு நீளத்தையும் இருபுறமும் பகல் வெளிச்சத்தில் பார்த்துவர வேண்டும். ஓரங்களில் அரிவாள் பட்ட வெட்டு, மட்டையில் உராய்ந்த பிசிறு, வெயிலில் வெளுத்து விறைத்த பகுதி, சூட்டில் உருகிப் பளபளக்கும் இடம் ஆகியவற்றைத் தேட வேண்டும். வெயிலின் கதிர்கள் நைலானையும் பாலியெஸ்டரையும் நாளடைவில் நலியச் செய்கின்றன. நைலானுக்கு அமிலமும், பாலியெஸ்டருக்குக் காரமும் பகை. டிராக்டர் பாட்டரிக்கு அருகில் தொங்கவிட்ட கச்சையும், சுண்ணாம்புக் கூடையில் போட்டு வைத்த கச்சையும் பார்வைக்கு நன்றாயிருந்தே உள்ளுக்குள் பலமிழந்திருக்கலாம்.

அடுத்தது தையல். பல கச்சைகளில் தையல் நூல் பட்டையின் நிறத்திலிருந்து வேறான நிறத்தில் அமைந்திருப்பது எளிதாகக் காண்பதற்காகவே. ஒரு தையல் விட்டிருந்தாலும் கச்சையை ஒதுக்கிவிட வேண்டும். வீட்டு ஊசி நூலால் தைத்துச் சரிசெய்தல் கூடாது. அறுந்த பட்டையை முடிச்சிடுதலும் கூடாது. பின்னர் இரும்புப் பாகங்கள். பக்கிளிலும் வளையத்திலும் வெடிப்பு, துரு, கோணல் ஆகியன உண்டா என்று நோக்குக. கொக்கியின் வாயைத் திறந்து விட்டால் தானே மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஏறு கருவியின் கம்பிவடத்தின் மீது ஒரு பழந்துணியை உருவிப் பார்த்தால், முறிந்த கம்பி துணியைப் பற்றிக் காட்டும்.

விழுந்த ஒருவரை ஒருமுறை தாங்கிய கச்சையை மறுமுறை உபயோகிக்கலாகாது. வெளியே பழுது தெரியாவிடினும் நூலும் தையலும் தம் பலத்தைச் செலவிட்டிருக்கும். ‘உயிரைக் காத்த ராசியான பெல்ட்’ என்று அதைப் போற்றி வைப்பது அடுத்தவரின் உயிருக்கு உலை வைப்பதாகும்.

இனி, சங்கங்களுக்குச் சில வார்த்தைகள். சங்கம் கருவியும் கச்சையும் வாங்கி அங்கத்தினருக்கு வாடகைக்கு விடுமாயின், ஐ.எஸ். 3521 தரமுத்திரையுடைய முழுவுடல் கச்சையையே வாங்க வேண்டும். வெறும் இடுப்புப் பட்டை விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். விழுபவரைத் தாங்க இடுப்புப் பட்டையை உபயோகிப்பதை அமெரிக்க நாட்டுக் கட்டிட வேலைகளில் 1998-ஆம் ஆண்டு முதலே தடை செய்துவிட்டனர். ஒவ்வொரு கச்சைக்கும் எண்ணிட்டு, உற்பத்தித் தேதி, வாங்கிய தேதி, சோதித்த தேதி, சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி வருக. ஏறுபவர் ஒவ்வொரு முறையும் ஏறுமுன் தாமே சோதிக்க வேண்டும். அதற்கு மேல், விஷயமறிந்த ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிப்பது அவசியம். தயாரிப்பாளர் குறித்த ஆயுட்காலம் முடிந்தாலும், அடையாளச் சீட்டைப் படிக்க முடியாமற்போனாலும் கச்சையை விலக்குக. உரமும் பூச்சிமருந்தும் அடுக்கிய கிடங்கில் வையாமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள தனியிடத்தில் தொங்கவிடுக.

கணக்கில் சொத்தாக நிற்கும் பொருளைக் கழிக்க நிர்வாகக் குழுக்கள் தயங்குவது இயல்பு. மற்றப் பொருள்களில் அத்தயக்கம் நல்லதே. ஆனால் பழுதான கச்சை சொத்தன்று. அதைக் கழிவு செய்யத் தீர்மானம் நிறைவேற்றிய அன்றே, பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிவிட வேண்டும். முழுதாக விட்டால் மாடு கட்ட என்று ஒருவர் வாங்கிச் செல்வார். பிறகு அது வேறொரு தோப்பில் வேறொருவர் இடுப்பில் ஏறும்.

வாடகை கொடுப்பவர் தோப்புக்காரர். ஏறுபவர் பெரும்பாலும் தோப்பில்லாத கூலியாள். சங்கத்தில் அங்கத்தினராக இல்லாத அவருக்கும் நமது பதிவேடு காவலாக இருக்க வேண்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கச்சைகளை மேசை மீது கொண்டுவந்து வைத்து, மேற்கூறிய வண்ணம் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.