டயர் ரிம்மை விட்டுப் பறப்பது ஏன்?
டியூப் இல்லாத மலைச் சைக்கிள் டயர்: வசதியும் ஆபத்தும்

சனி, ஞாயிறு காலைகளில் குருபோங், செங், பாயா ரும்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டச் சாலைகளில் மலைச் சைக்கிள்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்த பிறகு சைக்கிள் மீது ஏற்பட்ட மோகம் இன்னும் முழுமையாகத் தணியவில்லை. அப்போது வாங்கிய பல சைக்கிள்கள் இன்று கைமாறி, பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கூடவே ஓர் ஆசையும் வந்திருக்கிறது: "டியூப்லெஸ்" ஆக மாற்ற வேண்டும்.

ஆசையில் தவறில்லை. முள் குத்தினால் டயருக்குள் இருக்கும் திரவமே ஓட்டையை அடைத்துவிடும். காற்றைக் குறைத்து ஓட்டலாம். வேரிலும் கல்லிலும் பிடிமானம் கூடும். ஆனால் பொருந்தாத ரிம்மில், பொருந்தாத டயரை, அளவுக்கு மீறிய காற்றோடு மாட்டினால், அது வெடிச் சத்தத்தோடு ரிம்மை விட்டுக் கழன்று பறக்கும். காற்று அடிக்கும்போது பறந்தால் கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. இறக்கத்தில் வேகமாக இறங்கும்போது பறந்தால் உயிருக்கே ஆபத்து.

டயரைப் பிடித்திருப்பது எது?

ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்று டயரைச் செய்தபோது, அதைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டியிருந்தது. பஞ்சர் ஒட்டுவது பெரும்பாடாக இருந்தது. 1890-இல் இதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. வில்லியம் பார்ட்லெட் டயரின் ஓரத்தை ரிம்மின் கொக்கி போன்ற விளிம்புக்குள் மாட்டச் செய்தார். சார்ல்ஸ் வெல்ச் டயரின் ஓரத்தில் நீளாத கம்பி வளையம் ஒன்றை வைத்தார். இன்றைய சைக்கிள் டயரில் இந்த இரண்டு யோசனைகளும் கலந்திருக்கின்றன.

டயரின் ஓரத்தில் தடிப்பாக இருக்கும் அந்த வளையத்தை "பீட்" என்பார்கள். அதற்குள் எஃகுக் கம்பியோ கெவ்லர் இழையோ இருக்கும். காற்று டயரை வெளியே தள்ளும். பீட் நீள மறுக்கும். அதனால் டயர் ரிம்மிலேயே நிற்கும். பீட் சற்று நீண்டாலோ, ரிம்மின் சுற்றளவு சற்றுக் குறைந்தாலோ பிடி தளரும்.

டியூப் உள்ள டயரில் ஓரம் கொஞ்சம் நழுவினாலும் டியூப் சிறிது நேரம் காற்றைப் பிடித்து வைக்கும். டியூப் இல்லாத டயரில் அந்த இரண்டாவது காவல் கிடையாது. பீட்டும் ரிம்மும் சேரும் இடமே பூட்டு. அது திறந்தால் எல்லாம் திறந்தது. அதனால்தான் 1999-இல் பிரான்சின் மாவிக் நிறுவனம் மலைச் சைக்கிளுக்கு டியூப் இல்லாத முறையைக் கொண்டுவந்தபோது, ரிம்முக்கும் டயருக்கும் சேர்த்தே அளவு வகுத்தது. பழைய ரிம்மில் டேப் சுற்றி, திரவம் ஊற்றி மாற்றும் பழக்கம் வேறு வழியில் பரவியது. ஆபத்து பெரும்பாலும் ஒளிந்திருப்பது இந்த இரண்டாவது வழியில்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

படிவம் 5 இயற்பியலில் அழுத்தத்தைப் படிக்கிறோம். டயரின் துணியை இழுக்கும் விசை காற்றழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. டயரின் தடிமனையும் பொறுத்தது. அழுத்தத்தை டயர் குறுக்குவெட்டின் ஆரத்தால் பெருக்கினால் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் விழும் இழுவிசை ஏறத்தாழக் கிடைக்கும்.

29 அங்குல மலைச் சைக்கிளின் 58 மில்லிமீட்டர் டயரை எடுத்துக்கொள்வோம். ஆரம் 29 மில்லிமீட்டர். 30 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 207 கிலோபாஸ்கல். பெருக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன். பீட்டின் சுற்றளவு சுமார் 1,950 மில்லிமீட்டர். ஆக, ஓர் ஓரத்தில் மட்டும் மொத்தம் ஏறத்தாழ 11,700 நியூட்டன், அதாவது 1.2 டன் எடைக்குச் சமமான இழுப்பு. 60 பி.எஸ்.ஐ. அடித்தால் அது 2.4 டன் ஆகிவிடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 28 மில்லிமீட்டர் சாலைச் சைக்கிள் டயரில் 70 பி.எஸ்.ஐ. கொடுக்கும் இழுப்பை, 58 மில்லிமீட்டர் டயரில் 35 பி.எஸ்.ஐ. கொடுத்துவிடும். சாலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் "டயர் மெத்தென்று இருக்கிறதே" என்று மலைச் சைக்கிளுக்கும் 60, 70 என்று அடிப்பது இதனால்தான் ஆபத்தாகிறது.

டயருக்குள் தேங்கும் ஆற்றலையும் பாருங்கள். அந்த டயருக்குள் 5 லிட்டருக்கு மேல் காற்று இருக்கும். அழுத்தத்தை 30-இலிருந்து 60-க்கு ஏற்றினால் ஆற்றல் இரு மடங்கோடு நிற்காது, ஏறத்தாழ மும்மடங்காகும். 60 பி.எஸ்.ஐ.யில் டயர் கழன்றால் வெளிவரும் ஆற்றல், 10 கிலோ அரிசி மூட்டை நான்கு மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. அந்த நேரத்தில் நம் முகம் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வெயிலைப் பற்றியும் பலர் கேட்பார்கள். காரின் பின்புறம் 27 பாகையிலிருந்து 57 பாகைக்குச் சூடானால், படிவம் 4-இல் படித்த வளிம விதிப்படி 30 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 34.5 ஆகும். அளவோடு அடித்த டயருக்கு இது பொருட்டல்ல. எல்லையைத் தொடும்வரை அடித்து வைத்த டயருக்கு இந்த நாலரையே அதிகம்.

நிபுணர்களுக்கும் நடந்தது

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2024 பிப்ரவரியில் நடந்த யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹெண்ட் ஓட்டிய சைக்கிளின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. அவர் கீழே விழுந்தார். அது சாலைச் சைக்கிள். கொக்கியில்லா விளிம்பு கொண்ட ரிம். டியூப் இல்லாத டயர். கல்லில் மோதியதுதான் தொடக்கம் என்று தயாரிப்பாளர் தரப்பு விளக்கியது. வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஆடம் ஹான்சனோ அத்தகைய ரிம்மையே கேள்விக்குள்ளாக்கினார். கொக்கியில்லா ரிம்முக்கு அனைத்துலகத் தர அளவு விதிக்கும் உச்சவரம்பு 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. இன்றைய மலைச் சைக்கிள் ரிம்களில் பல கொக்கியில்லாதவையே. குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதால்தான் அவை பாதுகாப்பாக இருக்கின்றன. அந்தக் குறைந்த அழுத்தத்தை நாம் மீறக் கூடாது.

எண்களைப் படிக்கப் பழகுவோம்

டயரின் பக்கவாட்டில் 57-622 போன்ற எண் இருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது பீட் அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 29 அங்குலத்துக்கு 622, 27.5 அங்குலத்துக்கு 584, 26 அங்குல மலைச் சைக்கிளுக்கு 559. "26" என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். தோட்டங்களில் ஓடிய பழைய சைக்கிள்களின் 26 x 1 3/8 டயரின் விட்டம் 590. பெயர் ஒன்று, அளவு வேறு.

மாற்றுவதற்கு முன் ரிம்மிலும் டயரிலும் டியூப் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இல்லையென்றாலும் டியூப் போட்டே ஓட்டுங்கள். ரிம்முக்கு ஓர் உச்ச அழுத்தம் இருக்கும், டயருக்கு ஓர் உச்ச அழுத்தம் இருக்கும்; இரண்டில் சிறியதே உங்கள் எல்லை. தளர்ந்த டயரை இறுக்க டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றுவது தீர்வாகாது. இரும்பு நெம்புகோலால் நெம்பிக் கழற்றிய பழைய டயரின் பீட் உள்ளே சேதமடைந்திருக்கலாம், வெளியே தெரியாது.

காற்று அடிக்கும்போது பீட்டில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் குறைந்த அழுத்தத்திலேயே அமரும். கொஞ்சம் அடித்து, நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மேடு தட்டினால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். "இன்னும் கொஞ்சம் அடித்தால் உட்காரும்" என்று தொடராதீர்கள். பட்டறை கம்பிரசரில் அழுத்தமானி இல்லையென்றால் வேண்டாம். பெட்ரோல் நிலையத்தில் கிலோபாஸ்கலில் அளவு வைக்கும் வசதி உண்டு, 30 பி.எஸ்.ஐ.க்கு 207 என்பதை நினைவில் வையுங்கள். எரியும் திரவத்தைத் தெளித்துத் தீ மூட்டி டயரை அமர்த்தும் காணொளிகளைப் பின்பற்றவே கூடாது. கண்ணாடி அணியுங்கள்; ஓட்டையடைக்கும் திரவம் கண்ணில் பட்டால் எரியும்.

அந்தத் திரவம் நமக்கு அந்நியமானதல்ல. அவற்றில் பலவற்றின் அடிப்படை ரப்பர் பால்தான்; உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். நம் தாத்தா பாட்டியின் தோட்டத்துப் பால் ஸ்டோரில் அடித்த அதே நெடிதான். டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டது இதே மலாக்கா மண்ணில்தான். டயருக்கு உலகமெங்கும் பால் கொடுத்த தோட்டங்களின் பிள்ளைகள், டயரைப் பற்றி நான்கு எண்களைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய பாரமல்ல.

அடுத்த முறை கடையில் "டியூப்லெஸ் ஆக்கித் தருகிறேன்" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ரிம் அதற்கென்று செய்ததா? இதன் உச்ச அழுத்தம் எவ்வளவு? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், புதிய டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அதன் விலை சில ரிங்கிட்தான்; பல்லும் எலும்பும் அதைவிட விலை கூடியவை.