உலோக காஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்தலாமா?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கும் கர்நாடக எல்லைக்கும் அணித்தாக, குப்பத்தை அடுத்த மேட்டுநிலத்தில் குடுபல்லி அமைந்துள்ளது. இத்தகைய ஊர்களிலும் இன்று டர்போ பொருத்திய எஞ்சின் கொண்ட கார்கள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. 2007 முதல் 2020 வரை மாருதி கார்களில் அமைத்து விற்கப்பட்ட 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் இவ்வகையைச் சேர்ந்தது. இக்கார்களுக்கு வயதேற ஏற, எஞ்சினைத் திறந்து பழுதுபார்க்கும் தேவையும் பெருகி வருகிறது.

அவ்வாறு திறக்கும்போது ஒரு கேள்வி எழுவது இயல்பே. சிலிண்டர் தலைக்கு அடியிலிருந்து எடுத்த காஸ்கெட் கிழியாமலும் கருகாமலும் பளபளவென்று இருக்கும். புதியது பெருநகரத்திலிருந்து வர ஓரிரு நாள் ஆகலாம். எஃகுத் தகடுதானே, துடைத்து மீண்டும் வைத்தால் என்ன? இதற்கு விடை காண, காஸ்கெட் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

காஸ்கெட்டின் இயல்பு

இரு உலோகப் பரப்புகளை எவ்வளவு நன்றாக இழைத்தாலும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருந்தே தீரும். அவற்றை நிரப்பி, வாயுவும் நீரும் எண்ணெயும் கசியாமல் தடுப்பதே காஸ்கெட்டின் பணி. முற்காலத்தில் செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்து இதைச் செய்தனர். இப்போதைய காஸ்கெட் மெல்லிய எஃகுத் தகடுகள் பலவற்றை அடுக்கியது. ஒவ்வொரு சிலிண்டர் துளையைச் சுற்றியும் தகட்டில் ஒரு புடைப்பு வரம்புபோல் அழுத்தப்பட்டிருக்கும். தகட்டின் மேல் மெல்லிய ரப்பர்ப் பூச்சும் உண்டு.

போல்ட்டுகளை முறுக்கும்போது புடைப்பு வில்லைப்போல் அமுங்குகிறது. பூச்சு நுண்ணிய பள்ளங்களில் புகுந்து நிரம்புகிறது. இவற்றுள் பெரும்பகுதி முதல் முறுக்கலிலேயே நிகழ்ந்துவிடும். கழற்றிய பின் புடைப்பு பழைய உயரத்துக்கு முழுவதும் மீள்வதில்லை; பூச்சும் பிய்ந்து பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பழைய காஸ்கெட் உருவத்தில் புதியதைப் போன்றிருப்பினும், அதன் மீள்சக்தி செலவாகிவிட்டது. இவ்வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இயலாது.

டர்போவினால் கூடும் சுமை

வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் செலுத்துவது டர்போ. இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். காற்று மிகுதியாகப் புகுவதால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். அதற்கேற்ப அழுத்தமும் உயரும்.

மேற்கூறிய எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 69.6 மி.மீ.; பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. எரியும் கணத்தில் அழுத்தம் 160 பார் என்று கொண்டால், சிலிண்டர் தலையை மேல்நோக்கித் தள்ளும் விசை ஆறு டன்னுக்கு மேற்படும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழலுகையில், ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை இவ்விசை தாக்குகிறது. தலை இம்மியளவு எழும்பும் ஒவ்வொரு முறையும் புடைப்பு உடனே விரிந்து இடைவெளியை அடைக்க வேண்டும்.

உஷ்ணமும் ஒரு சோதனையாகும். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும் இயல்புடையது. 35 செ.மீ. நீளமுள்ள அலுமினியத் தலை, வார்ப்பிரும்புக் கட்டையின் மேல் அமர்ந்து 80 டிகிரி சென்டிகிரேடு சூடேறினால், இரண்டின் விரிவுக்குமிடையே 0.3 மி.மீ. வரை வேறுபாடு தோன்ற இடமுண்டு. இந்த உரசலைத் தாங்குவது காஸ்கெட்டின் பூச்சே. பூச்சு பிய்ந்த பழைய காஸ்கெட் இதற்கு ஈடுகொடுக்காது. வாயு நீர்ப்பாதையில் புகுந்து ரேடியேட்டரில் குமிழிகள் எழும், நீர் குறையும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறித் தலையே வளைந்துவிடவும் கூடும். காஸ்கெட்டில் மிச்சப்படுத்திய பணத்தைப்போல் பல மடங்கு அப்போது செலவாகும்.

செம்பு வளையம்: ஒரு விதிவிலக்கு

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயின் இணைப்புகளில் செம்பு வளையங்களைக் காணலாம். செம்பு அமுங்கும்போது இறுகிக் கெட்டியாகிறது. ஆயினும் அதை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சினால் மீண்டும் மென்மை பெறும். காய்ச்சியதைத் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கடினமாகும். செம்புக்கு அக்குணம் இல்லை. எனவே கீறலும் பள்ளமும் இல்லாத, முழுவதும் செம்பாலான தட்டை வளையத்தை இவ்வாறு காய்ச்சி, மேற்படிந்த கரியைத் துடைத்து, நெருக்கடியில் மீண்டும் பயன்படுத்தலாம். மடித்துச் செய்த வளையங்களுக்கும் எஃகுக் காஸ்கெட்டுகளுக்கும் இது பொருந்தாது.

எண்ணெய் வழியில் பசை தடவுதல் ஆகாது. அதன் துணுக்கு பிரிந்து சென்று துளையை அடைத்தால், நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ அச்சு எண்ணெயின்றித் தேய்ந்துவிடும். டர்போவுக்கு முன்னுள்ள புகைவழிக் காஸ்கெட் கசிந்தால் சக்கரத்தைச் சுழற்றும் வேகம் குறைந்து, வண்டி ஏற்றத்தில் திணறும்.

கவனிக்க வேண்டியவை

புதிய காஸ்கெட்டும் அழுக்கான பரப்பில் பயன்தராது. பழைய பூச்சை இரசாயனக் கரைப்பானாலும் மொண்ணையான சுரண்டியாலும் நீக்குதல் நன்று. அரைக்கும் சக்கரத்தைப் பயன்படுத்தினால் பரப்பில் பள்ளம் விழும். அதன் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரிக்கும். நேர்விளிம்புச் சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் கொண்டு தலை வளைந்துள்ளதா என்று அளந்து, தயாரிப்பாளர் கூறும் வரம்புடன் ஒப்பிட வேண்டும். போல்ட் துளைகளில் எண்ணெயோ நீரோ தேங்கியிருத்தல் கூடாது. கோண அளவுப்படி முறுக்கும் போல்ட்டுகள் பலவும் நிரந்தரமாக நீண்டுவிடுபவை; கையேடு கூறுமிடத்து அவற்றையும் மாற்றுதல் அவசியம்.

காஸ்கெட்டுக்கு வலிமை எவ்வளவு தேவையோ, அமுங்கி மீளும் தன்மையும் அவ்வளவு தேவை. அத்தன்மை ஒருமுறையே பயன்படுமாறு அமைந்தது. ஆதலால் புதிய காஸ்கெட் வந்து சேரும்வரை ஓரிரு நாள் காத்திருப்பதே எஞ்சினைக் காக்கும் சிக்கனமாகும்.